திறந்த ஜன்னல்: சத்தத்தை அடைக்கப் பார்த்தவர்களின் கதை

இந்த வாரக் கதை எங்க வீட்டுல இருந்துதான் ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் லண்டன், பாஸ்டன், பாரிஸ்னு ஒரு சுற்று போயிட்டு மறுபடியும் எங்க வீட்டுக்கே வந்து முடியும்.

நாங்க நாலு பேர். ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, பாடுறதுக்கு நான். சென்னையில ஒரு வாடகை வீட்டு மாடி. அதோட பின்பக்க அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒவ்வொரு தடவையும் ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே வாசிச்சுக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

மூணாவது வாரம் கீழ்வீட்டு டீச்சர் படியேறி வந்தாங்க. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். சண்டை போடவே இல்லை.

“தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க அடிக்கிற அடியில எங்க ஹால்ல கண்ணாடி டம்ளர் எல்லாம் அதிருதுப்பா. சார் இப்பத்தான் ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்காரு. கொஞ்சம் பாத்துக்கோங்க.”

கத்தியிருந்தா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்படிச் சொன்னா என்ன பண்றது? அன்னைக்கு ராத்திரியே ஹவுஸ் ஓனரும் போன் பண்ணினார். ஒரு மாசம் டைம். அதுக்குள்ள சத்தம் அடங்கணும், இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணணும்.

நீங்க என்ன செய்வீங்களோ அதையேதான் நாங்களும் செஞ்சோம். நாலாயிரம் ரூபாய்க்கு முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்கிற ஃபோம் வாங்கினோம். நாலு சுவரிலும் ஒட்டினோம். கதவைச் சாத்திட்டு வாசிச்சுப் பார்த்தா, அடடா! குரல் பளிச்சுன்னு கேக்குது. சிம்பல் சத்தம் காதைக் கிழிக்கலை. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சோம்.

அடுத்த நாள் டீச்சரைப் படியில பார்த்தேன். “எப்படிம்மா இருக்கு இப்ப?”ன்னு கேட்டேன். “எதுப்பா? நீங்க இன்னும் எதுவும் செய்யலையே?”ன்னாங்க.

அந்த ஒரு கேள்விதான் இந்த எபிசோட். உள்ளே இவ்வளவு மாற்றம் தெரியுது, வெளியே ஏன் எதுவுமே மாறலை? இதுக்குப் பதில் தேடிப் போனப்ப ஒண்ணு தெரிஞ்சது. இந்தத் தப்பை முதல்ல செஞ்சது நாங்க இல்லை. பெரிய பெரிய ஆட்களே இதுல காசை விட்டிருக்காங்க.

கார்லைலின் மாடி அறை

லண்டன், செல்சீ, செய்ன் ரோ என்ற தெரு. தாமஸ் கார்லைல் அங்கே 1834இல் குடியேறினார். பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்றவர். எழுத உட்கார்ந்தால் அவருக்குச் சின்னச் சத்தம்கூட ஆகாது. பக்கத்து வீட்டில் பியானோ. தோட்டத்தில் சேவல்கள். தெருவில் பெட்டி வாத்தியத்தைச் சுற்றிக் காசு கேட்கும் தெருப்பாடகர்கள். அக்கம்பக்கத்தாரிடம் போய்ப் பேசிப் பேசிச் சமாளித்தவர் அவர் மனைவி ஜேன்.

1853இல் கார்லைல் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டின் உச்சியில் ஒரு அறை. அதுக்கு இரட்டைச் சுவர், நடுவில் காற்று இடைவெளி. பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு மட்டும். அதுக்குள்ள உட்கார்ந்தா உலகமே கேட்காது, அதுதான் திட்டம். கட்டி முடிக்கிற வரைக்கும் வீடு முழுக்கத் தூசி, தட்டல், இடித்தல். சத்தத்திலிருந்து தப்பிக்கிறதுக்காக மாசக்கணக்கில் சத்தத்தோடயே வாழ்ந்தார்கள்.

முடிவு என்ன? அறை தோல்வி. பக்கத்துத் தொல்லைகள் ஓரளவு குறைந்தன. ஆனால் அதுவரை அவர் கவனித்தே இராத தூரத்துச் சத்தங்கள் மேலே இருந்து வந்து சேர்ந்தன. தேம்ஸ் நதியில் படகுகள் ஊதும் ஒலி, ரயில் சத்தம், மணியோசை எல்லாம்.

ஏன் அப்படி ஆச்சு? ரெண்டு காரணம் சொல்லலாம். ஒண்ணு, சுவரை எவ்வளவு தடிமனா கட்டினாலும், கூரையில் கண்ணாடி போட்டால் அந்த அறையோட பலம் கண்ணாடியோட பலம்தான். இன்னொண்ணு நம்ம காது. பக்கத்துச் சத்தம் இருக்கிற வரைக்கும் அது தூரத்துச் சத்தத்தை மூடி மறைச்சிருக்கும். பக்கத்துல அமைதியானதும் தூரம் கேட்க ஆரம்பிக்கும். ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்னதும் எங்கேயோ குரைக்கிற நாய் கேக்குமே, அது மாதிரி.

அந்த அறையிலேயே உட்கார்ந்து பல வருஷம் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் பெரிய வரலாற்றை எழுதி முடித்தார் என்பது வேற விஷயம். ஆனால் கார்லைலைக் குறை சொல்லவும் முடியாது. சத்தம் எப்படிச் சுவரைத் தாண்டுகிறது என்று அளந்து சொல்ல அன்றைக்கு ஆளே இல்லை. கொத்தனார் அனுபவம், கட்டடக் கலைஞரின் யூகம், இவ்வளவுதான் கையிருப்பு. அளக்கிறதுக்கு ஒரு ஆள் வர இன்னும் நாற்பது வருஷம் ஆச்சு.

நள்ளிரவில் மெத்தை தூக்கியவர்

1895. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகம். ஃபாக் கலை அருங்காட்சியகம் என்று புதுசா ஒரு கட்டடம். அதுக்குள்ளே ஒரு விரிவுரை மண்டபம். பார்க்க அழகு. ஆனால் உள்ளே யார் பேசினாலும் புரியாது. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதுக்குள்ளே பேச்சாளர் பத்துப் பன்னிரண்டு சொல்லைப் பேசி முடிச்சிருப்பார். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கூழாகிவிடும்.

இதைச் சரி செய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. வயது 27. பகலில் தெருவில் டிராம் ஓடும், மாணவர்கள் நடப்பார்கள். அதனால் நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை. கையில் ஒரு ஆர்கன் குழாய், நேரம் அளக்க ஒரு கருவி, அப்புறம் அவருடைய சொந்தக் காது. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கி, உதவியாளர்களோடு மண்டபத்துக்குத் தூக்கி வருவார். சில மெத்தைகளைப் பரப்பி, குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் முழுசா அடங்க எத்தனை விநாடி என்று அளப்பார். இன்னும் சில மெத்தை. மறுபடி அளவு. விடியறதுக்குள்ளே எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோய் வைக்கணும். மண்டபம் நிறைய மெத்தை போட்டபோது ஐந்தரை விநாடி ஏறக்குறைய ஒரு விநாடியாகக் குறைந்தது.

அவர் எவ்வளவு கறார் தெரியுமா? ஒரு கட்டத்தில், தான் போட்டிருக்கும் உடையே சத்தத்தை உறிஞ்சி அளவை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரை எடுத்த 3,000க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தூக்கிப் போட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் ஒரே கோட்டு, ஒரே கால்சட்டை.

இப்படி அளந்து அளந்து 1898இல் ஒரு சூத்திரத்துக்கு வந்தார். அறை எவ்வளவு பெரிசு, உள்ளே எவ்வளவு உறிஞ்சும் பொருள் இருக்கு, இந்த ரெண்டும் தெரிந்தால் சத்தம் அடங்க எத்தனை விநாடி என்று கணக்கே போட்டுவிடலாம். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. இன்றைக்கும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ஒரு பொருள் எவ்வளவு சத்தத்தை உறிஞ்சும் என்று சொல்ல ஒரு அளவுகோல் வேணும், இல்லையா? நூற்றுக்கு நூறு உறிஞ்சும் பொருள் எது? சபைன் எடுத்துக்கொண்ட அளவுகோல் என்ன தெரியுமா?

திறந்த ஜன்னல்.

யோசிச்சுப் பாருங்க. திறந்த ஜன்னலில் போய் விழும் சத்தம் அறைக்குள் திரும்பி வராது. அறையைப் பொறுத்தவரைக்கும் அது காணாமப் போச்சு. அதனால் அது முழு உறிஞ்சல். ஆனால் அந்தச் சத்தம் எங்கே போச்சு? தெருவுக்குப் போச்சு. பக்கத்து வீட்டுக்குப் போச்சு.

இதைப் படிச்சப்பதான் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சது. நாங்க ஒட்டின ஃபோம் சபைனோட மெத்தை செஞ்ச வேலையைத்தான் செஞ்சது. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைக் குறைச்சது. அது உள்ளே இருக்கிற எங்களுக்கான மருந்து. கீழே இருக்கிறவங்களுக்கு அது ஒண்ணுமே செய்யாது. அறைக்குள் சத்தம் நல்லா இருக்கிறது ஒரு பிரச்சினை. சத்தம் அறையைத் தாண்டாம இருக்கிறது வேற பிரச்சினை. ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு நினைச்சதுதான் எங்க நாலாயிரம் ரூபாய்ப் பாடம்.

சுவர் என்ன எடை?

அந்த ரெண்டாவது பிரச்சினைக்கும் சபைன் வந்தார். 1915இல் சத்தம் ஒரு கட்டடத்துக்குள் எப்படிக் கடந்து போகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இசைப்பள்ளிக் கட்டடங்களும் உண்டு. ஒரு அறையில் பியானோ, அடுத்த அறையில் வயலின், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடக்கணும். நம்ம பிரச்சினையேதான்! கம்பளி ஃபெல்ட்டை அடுக்கடுக்காக வைத்து அளந்தார். இரும்புத் தகடு, காற்று இடைவெளி, ஃபெல்ட் என்று மாற்றி மாற்றி வைத்தும் அளந்தார். கனமான பொருளும் இடைவெளியும் சேர்ந்து வரும் அடுக்கு, வெறும் ஃபெல்ட்டைவிட நல்லாத் தடுத்தது.

இந்த வேலையைத் தொடர ஒரு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. அது கிடைத்த விதம் ஒரு வேடிக்கை. இல்லினாய் மாநிலத்தில் ஜார்ஜ் ஃபாபியன் என்ற ஜவுளிப் பணக்காரர். பழைய ஆங்கிலத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கனின் எழுத்துகளில் ரகசியச் செய்திகள் ஒளிந்திருக்கு என்று நம்பியவர். அதில் சத்தத்தால் பொருளை அந்தரத்தில் மிதக்க வைக்கும் இயந்திரத்தின் குறிப்பு இருக்கு என்று அதைச் செய்தும் பார்த்தார். மிதக்கவில்லை. என்ன கோளாறு என்று கேட்கப்போய்த்தான் சபைனின் பழக்கம் ஏற்பட்டது. கடைசியில் அவருக்காகவே 1918இல் ரிவர்பேங்க் என்ற தன் பண்ணையில் ஒலி ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். நடுவில் இருக்கும் சோதனை அறை வெளிக்கட்டடத்தைத் தொடாமல் தனியாக நிற்கும். அறைக்குள் அறை. ஆனால் சபைன் அதில் வேலை செய்யக் கொடுத்து வைக்கவில்லை. 1919 ஜனவரியில், 50 வயதில் இறந்துபோனார். அவருடைய உறவினர் பால் சபைன் பொறுப்பேற்று, எந்தச் சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினார்.

இவங்களும் இவங்களுக்குப் பின்னால் வந்தவங்களும் அளந்து சொன்னதை நாலு வரியில் சுருக்கலாம்.

முதல்ல ஓட்டை. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மிச்சம் எவ்வளவு கனமா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. மூணு அடி அகலம், ஏழு அடி உயரக் கதவை எடுத்துக்குங்க. அதுக்கு அடியில் முக்கால் இஞ்ச் சந்து இருந்தாலே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வந்துவிடும். எங்க கதவுக்கு அடியில் பல்லி மட்டுமில்ல, எலியே போகும்.

ரெண்டாவது எடை. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ, அதுதான் கேள்வி. ரெண்டு பக்கமும் பூசின ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் 400 கிலோவுக்கு மேல். அரை இஞ்ச் ஜிப்சம் போர்டு எட்டு ஒன்பது கிலோ. ரெண்டு இஞ்ச் ஃபோம்? சுமார் ஒரு கிலோ. எடை இரட்டிப்பானால் தடுப்பு ஐந்தாறு டெசிபல் கூடும். 10 டெசிபல் குறைந்தால்தான் நம்ம காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி தெரியும். இப்ப ஃபோமோட யோக்கியதை புரிஞ்சிருக்கும்.

மூணாவது இடைவெளி. ரிவர்பேங்க் அறை மாதிரி, ஒண்ணு இன்னொண்ணைத் தொடக் கூடாது. டிரம்ஸும் பேஸும் காற்று வழியா மட்டும் போறதில்லை. தரை வழியா, தூண் வழியா நடந்து போகுது. டீச்சர் வீட்டு டம்ளரை ஆட்டினது அதுதான்.

நாலாவது உறிஞ்சல். அது கடைசி. 60 ஹெர்ட்ஸில் அடிக்கிற கிக் டிரம்மோட ஒலி அலை கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் மீட்டர் நீளம். ரெண்டு இஞ்ச் பஞ்சு அதை என்ன செய்யும்?

நாங்க செஞ்சது

இந்த வரிசையிலேயே நாங்க செலவு பண்ணினோம். சொந்த வீடு இல்லை, சுவரை உடைச்சுக் கட்ட முடியாது. அதனால எல்லாமே கழற்றி எடுத்துட்டுப் போற மாதிரிதான்.

முதல் நாள் ஒரு ஃபிரெண்டை உள்ளே டார்ச்சோட நிக்க வச்சு, லைட்டை அணைச்சு, நான் வெளியில இருந்து பார்த்தேன். எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ அங்கெல்லாம் சத்தமும் கசியும். கதவு நிலையைச் சுத்தி ரப்பர் பீடிங், அடியில் ரப்பர் பட்டை. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் பைப் ஓட்டை, ஏசி பைப் போற ஓட்டை எல்லாம் சீலன்ட் வச்சு அடைச்சோம். இருக்கிறதிலேயே கம்மி செலவு இதுதான், இருக்கிறதிலேயே அதிகப் பலனும் இதுதான்.

அப்புறம் ஜன்னல். அந்த அளவுக்கு 18 மில்லி ப்ளைவுட்ல ஒரு மூடி. அது மேல ஒரு ஜிப்சம் போர்டு, ஓரம் முழுக்க ரப்பர். வாசிக்கும்போது பொருத்துவோம், முடிஞ்சதும் கழற்றுவோம். கதவு உள்ளே டொக்கு. அதுக்கும் ஒரு ப்ளைவுட் பலகை திருகினோம். கதவு கனமாயிடுச்சு, கீலும் ஒண்ணு கூடுதலாப் போட வேண்டியிருந்தது.

டிரம்ஸுக்கு ஒரு மேடை. ரெண்டு ப்ளைவுட் பலகை, நடுவில் டென்னிஸ் பந்து. எங்க தெருவில் கிரிக்கெட் ஆடுற பசங்ககிட்ட உப்பல் போன பழைய பந்து நாற்பது வாங்கினோம். பந்து பாதி உட்கார்ற மாதிரி கீழ்ப்பலகையில் ஓட்டை போட்டு வரிசையா வச்சு, மேலே இன்னொரு பலகை. கீழே தடிமனான ரப்பர் பாய். டிரம்ஸ் இப்ப தரையைத் தொடலை, பந்து மேல மிதக்குது. பேஸ் ஆம்ப்பையும் அதே மாதிரி தூக்கி வச்சோம்.

எல்லாத்தையும் அடைச்சா காத்து எங்கே இருந்து வரும்? நல்ல கேள்வி. ஏசி உள்ளே இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும். அதனால நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசிப்பை நிறுத்திட்டுக் கதவு, ஜன்னல் ரெண்டையும் திறந்துடுவோம். இதை யாரும் விளையாட்டா எடுத்துக்காதீங்க.

சுவரில் ஒட்டின ஆபத்து

அந்த ஃபோம் என்னாச்சு? கழற்றிட்டோம். காசு போனதால இல்லை. இந்தக் கதையைப் படிச்சதால.

2003 பிப்ரவரி 20. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலம், வெஸ்ட் வார்விக் என்ற ஊர். ஸ்டேஷன் என்ற பேரில் ஒரு சின்ன இசை விடுதி. சத்தம் தாங்கலை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால், மேடையைச் சுற்றி பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். தீயை எதிர்க்கும் வகை இல்லை. நிகழ்ச்சி தொடங்கியதும் மேடையில் வாண வேடிக்கை. பொறி ஃபோமில் பட்டது. சில நிமிடங்களில் விடுதி முழுக்க நெருப்பும் நச்சுப் புகையும். 100 பேர் இறந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2013 ஜனவரி 27, பிரேசிலில் சாண்டா மரியா நகரத்தில் கிஸ் என்ற விடுதி. அங்கேயும் மேடையில் கொளுத்தின வாணம், மேலே ஒலிக்காக ஒட்டின ஃபோம். 242 பேர்.

எங்க காரணமும் அதே காரணம்தானே? கீழ்வீட்டுப் புகார். எங்க அறையில் வாணம் விடப் போறதில்லைதான். ஆனா ஆம்ப் இருக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கு, ஜன்னலை மூடின ஒரே ஒரு கதவு இருக்கு. மொட்டை மாடியில் ஒரு துண்டு ஃபோமைக் கொளுத்திப் பார்த்தோம். உருகிச் சொட்டிக்கிட்டே எரிஞ்சது. கறுப்புப் புகை. யாரும் பேசலை. இறங்கி வந்து அன்னைக்கே எல்லாத்தையும் பிய்ச்சோம்.

அதுக்குப் பதிலா ராக் வூல். உருக்கின கல்லில் இருந்து செய்யறது, எரியாது. மரச்சட்டத்துக்குள் வச்சுத் துணி போர்த்தி, சுவரில் நாலு இடத்தில் மாட்டினோம். வெட்டும்போது மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம், அரிக்கும். நாலு சுவரையும் மூட வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே குரல் தெளிவாக் கேட்க இது போதும்.

ஃபோமுக்குக் கொடுத்த தண்டம் தவிர, மொத்தச் செலவு பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

மேல்வீட்டு ஹார்ப்

கடைசியா ஒரு ஆள். பாரிஸ் நகரம், ஓஸ்மான் பெருஞ்சாலை, 102ஆம் எண் கட்டடம். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் அங்கே குடியிருந்தார். ஆஸ்துமா நோயாளி. ராத்திரி முழுக்க எழுதுவார், பகலில் தூங்குவார். சத்தம் தாங்காமல் 1910இல் படுக்கையறைச் சுவர்கள் முழுக்கத் தக்கைப் பலகை ஒட்டினார். தக்கை அறை எழுத்தாளர் என்று இன்றைக்கும் அவரைச் சொல்வார்கள்.

அதுவும் நம்ம ஃபோம் மாதிரிதான். தக்கை எடை இல்லாத பொருள். புரூஸ்டுக்கு நேர் மேலே ஒரு அமெரிக்கப் பல் மருத்துவரின் கிளினிக். அதுக்கு மேலே மருத்துவரின் குடும்பம். மனைவி மேரி வில்லியம்ஸ் ஹார்ப் வாசிப்பவர். சுத்தியல் சத்தம், நடக்கிற சத்தம் எல்லாம் கீழே வந்துகொண்டே இருந்தது.

அப்ப என்ன செஞ்சார்? கடிதம் எழுதினார். அந்தப் பெண்மணிக்கு எழுதிய 23 கடிதங்களும், கணவருக்கு எழுதிய 3 கடிதங்களும் கிடைத்து, 2013இல் புத்தகமாக வந்தன. மிரட்டல் இல்லை. நலம் விசாரிப்பு, பூ, புத்தகம், நடுவில் பணிவாக ஒரு வேண்டுகோள். இந்த நேரத்தில் சத்தம் வேண்டாம், அந்த நேரத்தில் பரவாயில்லை. தக்கை செய்யாத வேலையை அட்டவணையை வைத்துச் செய்யப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் வெட்கமா இருந்தது. எங்க கதையில் புரூஸ்ட் டீச்சர்தான். ஹார்ப் நாங்க. ஒரு மாசமா அறைக்குள்ளேயே உட்கார்ந்து டெசிபல் கணக்குப் போட்டுட்டு இருந்தோம். அவங்க வீட்டுக்குள்ள ஒரு தடவைகூடப் போய்க் கேட்டுப் பார்க்கலை. சபைன் தன் காதை வச்சுத்தானே அளந்தார்?

அடுத்த நாள் மூணு பேரை மேலே வாசிக்கச் சொல்லிட்டு நான் கீழே போனேன். டீச்சர் காபி கொடுத்தாங்க. சார் ஈஸி சேர்ல சாய்ஞ்சிருந்தார். கேட்டேன். கீபோர்டு இல்லை. சிம்பல் இல்லை. பேஸ் இருக்கா இல்லையான்னு சந்தேகம். கிக் மட்டும், தூரத்துல யாரோ மெத்தையைத் தட்டுற மாதிரி, தொம்... தொம்...

“இது தெரியுது சார், இல்ல?”ன்னு கேட்டேன்.

“தெரியுது. ஆனா இப்ப டம்ளர் ஆடலை”ன்னார்.

டீச்சர்கிட்ட உங்களுக்கு எந்த நேரம் தோதுன்னு கேட்டேன். மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் சார் தூங்குவார். சாயங்காலம் அஞ்சரைக்கு ரெண்டு பேரும் பார்க்குக்கு நடக்கப் போயிட்டு ஏழு மணிக்கு வருவாங்க. முடிஞ்சுது. அந்த ஒன்றரை மணி நேரம் முழு பேண்ட். ஏழுக்கு மேல டிரம்மர் ப்ராக்டிஸ் பேட்ல, மத்தவங்க ஹெட்போன்ல. சட்டப்படி ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும்தான் இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45ன்னு விதி இருக்கு. ஆனா எங்களுக்கு இப்ப டீச்சரோட டைம்டேபிள்தான் விதி. அதை எழுதி அறைக் கதவுல ஒட்டியிருக்கோம்.

ஹவுஸ் ஓனர் சொன்ன ஒரு மாசம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. இன்னும் அங்கேதான் இருக்கோம். கிக் சத்தம் முழுசாப் போகலை. வாடகை வீட்டில், இந்தக் காசுக்கு, அது போகவும் போகாது. போன வாரம் டீச்சர் படியில் நிறுத்தி, “சார் நேத்து வாக்கிங் போகலைப்பா, வீட்லதான் இருந்தார்”னாங்க. பக்குனு ஆயிடுச்சு. “மன்னிச்சுக்குங்கம்மா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா...”

“அதில்லப்பா. மூணாவது பாட்டுல தாளம் ஓடுதாம். சொல்லச் சொன்னார்.”

டிரம்மர்கிட்ட சொன்னேன். நிஜமாவே ஓடுது.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் பார்க்கலாம்.